பொன் எப்போது சிவக்கும்?



பொன்னின் நிறம் யாது என்று கேட்டால், தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தையும் மஞ்சள் என்று விடை கூறிவிடும். பொன்னுக்கும் மஞ்சளுக்கும் அவ்வளவு நெருக்கம். 'பொன்னிறம்' என்று சொன்னாலே நாம் மஞ்சளைத்தான் கருதுகிறோம். ஆயினும் அந்த விடை பாதி உண்மையே ஆகும். பொன் சிவப்பாகவும் இருக்கும். ஊதாவாகவும், நீலமாகவும், பச்சையாகவும் தோன்றும். செம்பையோ வெள்ளியையோ கலந்தமையால் வரும் நிற வேறுபாட்டை நான் சொல்லவில்லை. கலப்பற்ற பொன்னே, ஒரு கண்ணாடிக் குடுவையில், நீரினுள் விரவி, கள்ளிப்பழச் சாறு போலச் சிவந்து நிற்கும். அதே பொன், அதே அணுக்கள். மாறியவை துகளின் அளவும் உருவமும்தாம். அந்த அளவையும் உருவத்தையும் முடிவு செய்வது எது? எந்தச் சூட்டில், எதை எவ்வளவு, எதற்குப் பின் எதைச் சேர்த்தோம் என்பதே. சமையலறையில் பக்குவம் என்கிறோமே, அதுதான் இங்கும். அந்தப் பக்குவத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கண்ணாடி செய்வோர் இப்பக்குவத்தை அறிவியலாருக்கு முன்பே அறிந்திருந்தனர். இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உரோமானியர் காலத்துக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. லைக்கர்கஸ் கிண்ணம் என்று அதற்குப் பெயர். கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது. வெளிச்சம் வெளிப்புறத்தில் பட்டால் பச்சையாகத் தோன்றும். உள்ளே விளக்கை வைத்தால் செக்கச் சிவந்து ஒளிரும். கண்ணாடிக்குள் பொன்னும் வெள்ளியும் மிக நுண்ணிய துகள்களாக இருப்பதே காரணம். பிற்காலத்தில் ஐரோப்பாவில் பொன்னைச் சேர்த்து மாணிக்கச் சிவப்புக் கண்ணாடி செய்தார்கள். அதில் ஒரு வியப்பு உண்டு. உலையிலிருந்து எடுத்து விரைவாக ஆறவிட்ட கண்ணாடியில் நிறமே இராது. அதை மறுபடியும் அளவாகச் சூடேற்றினால்தான் சிவப்பு மெல்ல ஊறி வரும். பொருளில் கூடுதலோ குறைவோ இல்லை. இரண்டாவது சூடுதான் நிறத்தைத் தந்தது. ஏன் என்று அத்தொழிலாளர்க்குத் தெரியாது. தெரியாமலே பல தலைமுறைகள் செய்தார்கள்.

'ஏன்' என்று கேட்டவர் மைக்கேல் பாரடே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகி, பின்னர் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானியானவர் என்பதை உங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மின்சாரத்தைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகளைத்தான் பாடநூல்கள் விரித்துரைக்கும். பொன்னைப் பற்றி அவர் செய்தவற்றைப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1857-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இராயல் சொசைட்டியில் பொன்னுக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் சொற்பொழிவு ஒன்று நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. அறுபதைக் கடந்தவர்கள் திண்ணையில் அமர்ந்து பழங்கதை பேசத்தான் ஏற்றவர்கள் என்று எண்ணும் இளைஞர்கள் இதைச் சற்றே நினைவிற் கொள்ளலாம்.

பாரடே தங்க ரேக்கை எடுத்து ஆராய்ந்தார். மிக மெல்லிய ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், அதனூடே வரும் ஒளி பச்சையாக இருக்கும். மேலே பார்த்தால் மஞ்சள், ஊடே பார்த்தால் பச்சை. பிறகு அவர் பொன்னை மேலும் நுண்மையாக்க விரும்பினார். தகடாக அடித்து இனி மெல்லிதாக்க இயலாது. ஆகவே எதிர் வழியில் சென்றார். பொன் கரைந்த உப்புக் கரைசலை எடுத்துக்கொண்டு, பாஸ்பரஸின் உதவியால் அக்கரைசலிலிருந்து பொன்னை மீட்டார். மலையை உடைத்து மணலாக்குவதற்கு மாறாக, அணுக்களைக் கூட்டி மணலாக்குவது போன்ற வேலை இது. அவருக்குக் கிடைத்தது அழகிய மாணிக்க நிறத் திரவம். தெளிந்த நீர் போலவே தோன்றியது. ஆனால் ஒளிக்கற்றை ஒன்றைக் குவித்து அதனுள் செலுத்தியபோது கற்றையின் பாதை கூம்பு போலப் பளிச்சிட்டது. கூரை ஓட்டின் இடுக்கு வழியே வரும் வெயிலில் தூசி மின்னுவதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? அதுபோலத்தான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத திடப் பொருள் மிதக்கிறது என்று அவர் உய்த்துணர்ந்தார். அவர் காலத்து நுண்பெருக்கிகளால் அத்துகள்களைக் காண இயலவில்லை. காணாமலே, இவை பொன் துகள்கள்தாம் என்று துணிந்தார். அத்திரவத்தில் சிறிது உப்பைச் சேர்த்தபோது சிவப்பு நீலமாக மாறியதையும் குறித்து வைத்தார். அவர் செய்த திரவங்கள் சில, இலண்டன் இராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் புட்டிகளில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இனி, நிறம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை, தாராளமாக நடமாடுகின்றன. ஒளி என்பதோ ஓர் அலை. அந்த அலை பொன் துகளின் மீது படும்போது, துகளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான் கூட்டம் முழுவதும் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஆடத் தொடங்கும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலுக்கு இயல்பான ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தோடு இசைந்து தள்ளினால் சிறு குழந்தை தள்ளினாலும் ஊஞ்சல் உயரப் போகும். இசையாமல் தள்ளினால் கை வலிப்பதே மிச்சம். நீரில் மிதக்கும், ஏறத்தாழ 20 நானோமீட்டர் விட்டமுள்ள பொன் உருண்டைக்கு இசைவான ஒளியின் அலைநீளம் சுமார் 520 நானோமீட்டர். அது பச்சை ஒளி. ஆகவே உருண்டை பச்சையைப் பெரிதும் விழுங்கிவிடுகிறது. வெள்ளொளியிலிருந்து பச்சை போய்விட்டால் நம் கண்ணுக்கு எஞ்சுவது சிவப்பு. இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் மீ, ஆண்டு 1908.

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. 20 நானோமீட்டர் உருண்டைகளை வரிசையாக அடுக்கினால், ஒரு தலைமயிரின் குறுக்களவை நிரப்ப ஏறத்தாழ 4,000 உருண்டைகள் வேண்டும். அப்படிப்பட்ட ஓர் உருண்டைக்குள் அடங்கியிருப்பவை சுமார் இரண்டரை இலட்சம் பொன் அணுக்கள். இவ்வளவு சிறிய பொருளை ஒரே அளவினதாகச் செய்வது எப்படி?

வழி எளிதுதான். 1951-இல் துர்கேவிச் என்னும் அமெரிக்க வேதியியலாரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து எழுதிய முறை இன்றும் கல்லூரிகளில் செய்யப்படுகிறது. பொன்னின் குளோரைடு கரைந்த நீரைக் கொதிக்க வைத்து, அதில் சோடியம் சிட்ரேட்டுக் கரைசலை ஊற்ற வேண்டும். சிட்ரேட்டு என்பது எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான அமிலத்தின் உப்பு. வெளிர் மஞ்சளாக இருந்த நீர் முதலில் நிறமற்றுப் போகும், பின்னர் கருமை கலந்த நீலம் படரும், ஊதாவாகும், இறுதியில் சிவக்கும். எல்லாம் ஒரு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீலம் தோன்றிய உடனே பரிசோதனை கெட்டுவிட்டது என்று கொட்டிவிடும் மாணவன் சிவப்பைக் காணமாட்டான்.

சிட்ரேட்டுக்கு இங்கே இரண்டு வேலை. பொன் அயனிகளுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து அவற்றை அணுக்களாக்குவது ஒன்று. உருவான துகள்களின் மேல் படர்ந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது மற்றொன்று. இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. 1973-இல் பிரென்ஸ் என்பவர் பொன் கரைசலின் அளவை மாற்றாமல் சிட்ரேட்டின் அளவை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார். 50 மில்லிலிட்டர் பொன் கரைசலுக்கு ஒரு மில்லிலிட்டர் சிட்ரேட்டுச் சேர்த்தால் 16 நானோமீட்டர் துகள்கள் வந்தன. அதனையே 0.16 மில்லிலிட்டராகக் குறைத்தபோது 147 நானோமீட்டர் துகள்கள் வந்தன. சேர்க்கும் பொருள் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. துகளின் விட்டமோ ஒன்பது மடங்காகப் பெருகியது.

இது உங்களுக்குப் புரியாத கணக்கன்று. வீட்டில் இலட்டு பிடிக்கும்போது பூந்தியின் அளவு ஒன்றே. நூறு உருண்டை பிடித்தால் சிறியனவாகும். பத்துப் பிடித்தால் பெரியனவாகும். சிட்ரேட்டு மிகுதியாக இருக்கும்போது தொடக்கத்திலேயே ஏராளமான கருக்கள் தோன்றி, இருக்கும் பொன்னைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் சிறியதாக நின்றுவிடுகிறது. குறைவாக இருந்தால் எஞ்சுபவை சில, அவை பருத்துவிடுகின்றன. பருத்த துகள்களின் இசைவு நெடிய அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. ஒளியை அவை நாற்புறமும் சிதறவும் அடிக்கின்றன. ஆகவே சிவப்பு மங்கி ஊதாச் சாயல் ஏறுகிறது. ஊற்றும் வரிசைக்கும் மதிப்பு உண்டு. கொதிக்கும் பொன்னில் சிட்ரேட்டை ஊற்றுவதற்குப் பதிலாக, கொதிக்கும் சிட்ரேட்டில் பொன்னை ஊற்றினால் இன்னும் சிறிய துகள்கள் கிடைக்கின்றன. மோரில் பாலை ஊற்றினாலும் பாலில் மோரை ஊற்றினாலும் தயிர் ஒன்றுதான் என்று வாதிடுபவர்கள், இங்கே சற்றுப் பொறுமை காட்ட வேண்டும்.

பாரடே கண்ட உப்பின் விளையாட்டும் இப்போது விளங்கிவிடும். சிட்ரேட்டுப் போர்வையின் மின்னூட்டமே துகள்களை ஒன்றையொன்று விலக்கி நிறுத்துகிறது. உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துவிடுகிறது. துகள்கள் கூடிக் கொத்தாகின்றன. நெருங்கிய துகள்களின் எலெக்ட்ரான்கள் ஒன்றுக்கொன்று இசைந்து ஆடுவதால், விழுங்கப்படும் ஒளி பச்சையிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்கிறது. கண்ணுக்கு நீலம் எஞ்சுகிறது. சரியாகக் கழுவாத குடுவையில் எஞ்சியிருக்கும் உப்பே இவ்வளவையும் செய்ய வல்லது. அதனால்தான் ஆராய்ச்சியாளர் இவ்வேலைக்கு முன் பாத்திரங்களை இராஜ திராவகத்தால் கழுவுகின்றனர். பொன்னையே கரைக்கும் அத்திராவகத்தை மாணவர்கள் ஆசிரியர் உடனில்லாமல் தொடலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதுவரை உருண்டைகளைப் பற்றிப் பேசினோம். உருண்டை எளிது, நீரில் தனித்து விடப்பட்ட எதுவும் உருண்டையாகவே விரும்பும். கோலைப் போல நீண்ட துகளைச் செய்வதற்குத்தான் மிகுந்த நுட்பம் வேண்டியிருந்தது.

கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பாகில் நூலைத் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்தால், நூலைப் பற்றிக்கொண்டு கட்டி வளர்கிறது. பற்றிக்கொள்ள ஏற்கெனவே ஒன்று இருந்தால், புதிதாகக் கரு தோன்ற வேண்டுவதில்லை. 2001-இல் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் நிகில் ஜானா, கேத்தரின் மர்பி முதலியோர் இவ்வழியையே கையாண்டனர். முதலில் மூன்று நான்கு நானோமீட்டர் அளவில் பொன் விதைகளைச் செய்துகொண்டனர். பிறகு வேறொரு கரைசலில் பொன் உப்பையும், உயிர்ச்சத்து 'சி' எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தையும், சோப்பைப் போன்ற நீண்ட வாலுடைய ஒரு பொருளையும் சேர்த்தனர். ஆராய்ச்சிக்கூடங்களில் அதை 'சீ-டாப்' என்று சுருக்கிச் சொல்வார்கள். உயிர்ச்சத்து 'சி' இந்நிலையில் வலுக்குறைந்தது. பொன்னை அது பாதி வழிதான் கொண்டுவரும். கரைசலின் நிறம் மறைந்துவிடும், ஆனால் துகள் தோன்றாது. விதைகளைச் சேர்த்தவுடன் அவற்றின் மேற்பரப்பில் மட்டும் பொன் படியத் தொடங்கும். சீ-டாப் பக்கங்களைப் போர்த்திக்கொள்வதால் அங்கே வளர்ச்சி தடைப்பட்டு, முனைகளில் நீள்கிறது. 2003-இல் நிக்கூபக்த், எல்-சையத் என்னும் இருவர் இதில் சிறிது வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து, கரைசலில் பெரும்பாலும் கோல்களே கிடைக்குமாறு செய்தனர். வெள்ளியின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கோலின் நீளத்தையும் ஓரளவு மாற்ற முடிந்தது. அறையின் வெப்பநிலையும் இதில் குறுக்கிடும். குளிர்ந்த அறையில் சீ-டாப் படிகமாகித் தனியே பிரிந்துவிடும். பிறகு எதைப் போர்த்துவது?

கோலின் ஒளியியல் உருண்டையினின்று வேறுபட்டது. எலெக்ட்ரான்கள் கோலின் குறுக்கே ஆடலாம், நெடுக்கேயும் ஆடலாம். குறுக்கே ஆடும்போது பழைய பச்சைக்கே இசைகின்றன. நெடுக்கே ஆடும்போதோ, நீண்ட கயிற்று ஊஞ்சலைப் போல மெதுவாக ஆடுகின்றன. ஆகவே நெடிய அலைநீள ஒளிக்கு இசைகின்றன. நீளம் அகலத்தைப் போல் நான்கு மடங்கு இருந்தால், ஏறத்தாழ 800 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் தொடக்கம்.

அந்த எண்ணிலேதான் ஒரு பெரிய நம்பிக்கை அடங்கியிருக்கிறது. நம் உடலின் தசை கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரிதும் தடுத்துவிடும். 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியோ சற்று ஆழம் வரை செல்லும். கோல்களைப் புற்றுநோய் உயிரணுக்களில் படியச் செய்து, அவ்வொளியைப் பாய்ச்சினால், கோல்கள் ஒளியை விழுங்கிச் சூடாகி அவ்வுயிரணுக்களை அழிக்கும் என்பதை 2006-இல் எல்-சையத் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் காட்டினார்கள். இங்கே துகளின் உருவம் அழகுக்காக அன்று. கோல் என்று எண்ணி உருண்டையைச் செலுத்திவிட்டால் அவ்வொளி அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது போய்விடும். நோயுற்ற உயிரணு நோயுற்றபடியே இருக்கும்.

கோல் என்று எண்ணிச் செய்து உருண்டையைப் பெறுவது நடக்கக்கூடியதா? நடந்தது. ஒரே செய்முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியும், சில கூடங்களில் கோல் வந்தது. சில கூடங்களில் உருண்டையே வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மித், கோர்கல் என்னும் இருவர் பல விற்பனையாளர்களிடமிருந்து சீ-டாப்பை வாங்கி, மற்றவற்றையெல்லாம் ஒன்றாகவே வைத்துச் செய்து பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். புட்டிகளின் மேல் எழுதியிருந்த பெயர் ஒன்றே. சிலவற்றிலிருந்து கோல், சிலவற்றிலிருந்து உருண்டை. அடுத்த ஆண்டு காரணமும் வெளிவந்தது. சில புட்டிகளில் மிகச் சிறிதளவு அயோடைடு கலந்திருந்தது. அது பொன்னின் சில முகங்களில் ஒட்டிக்கொண்டு, நீளும் வளர்ச்சியைத் தடுத்துவிட்டது. இதில் சுவையான செய்தி என்னவெனில், அதே 2008-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மிர்க்கின் குழுவினர் அயோடைடை வேண்டுமென்றே சேர்த்து, அதன் அளவை மாற்றுவதாலேயே உருண்டையும் கோலும் முக்கோணத் தகடும் பெறலாம் என்று காட்டினர். ஒருவர்க்கு அழுக்கு, மற்றொருவர்க்கு மருந்துச் சரக்கு.

இச்செய்தியைப் படித்தபோது என் மனம் நம் பள்ளிகளின் செய்முறைக் குறிப்பேடுகளின் பால் சென்றது. பல ஆண்டுகள் அவற்றைத் திருத்தியிருக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள். நாற்பது ஏடுகளிலும் ஒரே அளவீடு, ஒரே நிறம், ஒரே விடை. வர வேண்டிய விடையை முன்னரே தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்பக் கண்டதாக எழுதிவிடுகிறார்கள். இதில் மாணவர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது; சிவப்பு என்று எழுதியவனுக்கு மதிப்பெண்ணும், நீலம் என்று எழுதியவனுக்குக் கண்டிப்பும் தருகின்ற தேர்வு முறையும் சேர்ந்தே இதைச் செய்கிறது. டெக்சாஸில் கோல் வராத புட்டியைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால், அயோடைடு அகப்பட்டிருக்குமா? கல்லூரியில் இச்சோதனையைச் செய்யும் வாய்ப்புப் பெறுவோர், நீலம் வந்தால் நீலம் என்றே எழுதுங்கள். எந்தப் புட்டி, எந்த நாள், அறையின் சூடு என்ன, குடுவையை எதனால் கழுவினீர்கள், எத்தனை நிமிடத்தில் நிறம் மாறியது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். திருத்தும் ஆசிரியர்களையும் ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: அத்தகைய ஏட்டுக்கு ஒரு மதிப்பெண் கூட்டியே கொடுங்கள்.

நம் நாட்டிலும் இத்துறையில் சிறந்த வேலை நடந்துள்ளது. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் எலுமிச்சைப்புல்லைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றைப் பொன் கரைசலில் சேர்த்தார்கள். நம்மவர் சிலர் தேநீரில் இட்டுக் குடிக்கும் அதே வாசனைப் புல்தான். சீ-டாப் இல்லை, விதையும் இல்லை. கிடைத்தவற்றுள் மிகப் பல, மெல்லிய முக்கோணத் தகடுகள். 2004-இல் இது வெளியாயிற்று. சாற்றை மிகுதியாக ஊற்றினால் முக்கோணங்கள் சிறுத்து உருண்டைகள் பெருகுகின்றன. குறைத்தால் முக்கோணங்கள் பெரியனவாகின்றன என்பதையும் அவர்கள் பின்னர் அளந்து காட்டினர். பெரிய முக்கோணங்கள் அகச்சிவப்பை நன்றாக விழுங்குகின்றன. வெயிலின் வெம்மையில் ஒரு பெரும் பகுதி அகச்சிவப்பாகவே வருவதால், இத்துகள்களைச் சன்னல் கண்ணாடியில் பூசி, வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இத்தனைக்கும் புல் எந்தப் பருவத்தில் வெட்டப்பட்டது, எவ்வளவு நேரம் கொதித்தது என்பவற்றைப் பொறுத்துச் சாறும் மாறக்கூடியது. ஆகவே அவர்களுடைய ஏட்டில் பொன்னின் எடைக்கு அருகிலேயே புல்லின் எடையும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.